லேத் ஓடியதும் நடுங்கிய திரை

1. ஸ்பிண்டில் சுற்றியது

லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மோட்டார் ஸ்டார்ட் ஆனதும் திரையில் இருந்த எழுத்துகள் நடுங்க ஆரம்பித்தன. முதலில் மேல் வரி மட்டும் ஆடியது. பிறகு எல்லா வரிகளும் ஆடின. படம் பக்கவாட்டில் கிழிந்து, உருண்டு, கடைசியில் திரையே கருப்பாகிவிட்டது. ஆபரேட்டர் பதறிப்போய் சிவப்பு பட்டனைத் தட்டி லேத்தை நிறுத்தினார். மோட்டார் நின்றதும் படம் ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பி வந்தது.

அந்தப் படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு நான் டிசைன் செய்தது. தொண்ணூறுகளின் நடுவில், ஓசூரில், கம்ப்யூட்டர் வைத்து ஓடும் லேத்துகளைச் செய்யும் ஒரு கம்பெனியின் டெஸ்டிங் ஷெட்டில் நின்றிருந்தோம். இன்று கிராஃபிக்ஸ் கார்டு என்றால் பிள்ளைகளுக்கு விளையாட்டு ஞாபகம் வரும். அன்று எங்களுக்கு அது லேத் ஆபரேட்டருக்கு எண்களையும் கோடுகளையும் காட்டுகிற ஒரு போர்டு, அவ்வளவுதான். ஆனால் அது வேலை செய்யாவிட்டால், கட்டிங் டூல் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது.

லேத் கம்பெனியின் புரொடக்‌ஷன் மேனேஜர் பிரகாஷ் பெங்களூர்க்காரர். தினமும் அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவர். தமிழ் பேசுவார், கோபம் வந்தால் கன்னடம் முந்திக்கொள்ளும்.

"ஏனம்மா இது? சாம்பிள் ஓட்டினப்ப சினிமா மாதிரி நின்னுச்சு. இப்ப டான்ஸ் ஆடுது?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். கார்டு செய்யும் எங்கள் கம்பெனியின் எம்.டி. கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டு, அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது எம்.டி. முகத்தில் ரத்தமே இல்லை.

"சாயங்காலம் வரைக்கும் டைம் கேட்டிருக்கேன், சரோஜா. அதுக்குள்ள சரியாகலைன்னா அவங்க ஃபாரின் கார்டுக்கே திரும்பப் போயிடுவாங்க. அப்புறம் நம்மகிட்ட கார்டு செக்‌ஷனே கிடையாது. நீங்க ஆறு பேரும் திங்கட்கிழமை ஃப்ளாஷர் லைனுக்குப் போயிடுங்க."

ஃப்ளாஷர் என்பது டூ வீலரில் இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் சின்ன டப்பா. எங்கள் கம்பெனி பிழைத்ததே அதில்தான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு வந்த என்னை அந்த லைனில்தான் உட்கார வைத்தார்கள். சோல்டர் ஆன போர்டுகளின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளை கட்டர் வைத்து நறுக்கும் வேலை. இரண்டு வருஷம் நறுக்கினேன். கூடப் படித்த பையன்கள் டிராயிங் டேபிளில் உட்கார்ந்திருக்க, நான் சண்டை போட்டு, கெஞ்சி, மறுபடி சண்டை போட்டுத்தான் ஒரு டேபிள் வாங்கினேன். அந்த டேபிளில் நான் போட்ட முதல் முழு டிசைன் இந்தக் கார்டு. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கட்டரைக் கையில் எடுக்க நான் தயாராக இல்லை.

2. அட்டையில் வெட்டிய சிப்புகள்

கார்டு ஏன் சின்னதாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். லேத் கம்பெனி அதுவரை வெளிநாட்டு கார்டு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தது. முழங்கை நீளம் இருக்கும். அதற்காக கண்ட்ரோல் பெட்டியைப் பெரிதாகச் செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பெட்டி லேத்தின் பக்கத்தில் துருத்திக்கொண்டு நிற்க, குனிந்து நிமிரும் ஆபரேட்டர்கள் தலையில் இடித்துக்கொண்டார்கள். புதிய மாடலுக்கு ஒல்லியான பெட்டி போட்டார்கள். அதற்குள் போகிற கார்டின் நீளம் அது உட்காரும் ஸ்லாட்டைத் தாண்டக் கூடாது. உயரமும் பாதியாக வேண்டும்.

முடியாது என்று எங்கள் கம்பெனியில் மூன்று பேர் சொன்னார்கள். அந்த மூன்று பேரும் சொன்னதாலேயே நான் முடியும் என்று சொன்னேன். அப்போது எனக்குக் குணம் அப்படி. இப்போதும் பெரிதாக மாறவில்லை என்று வீட்டில் சொல்வார்கள்.

கம்ப்யூட்டரில் லேஅவுட் போடுவதற்கு முன்னால் நான் ஒரு வேலை செய்தேன். கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து, ஒவ்வொரு சிப்பையும் அதன் உண்மையான அளவில் வெட்டினேன். படம் போடும் பெரிய சிப் ஒன்று, நாலு மெமரி, புரோகிராம் இருக்கும் சிப், இவற்றுக்குத் தாளம் கொடுக்கும் கிரிஸ்டல், மானிட்டர் கேபிள் செருகும் பதினைந்து பின் கனெக்டர். கிராஃப் பேப்பரில் கார்டின் எல்லையை வரைந்து, அதற்குள் இவற்றை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தேன். மெமரியைப் பக்கத்தில் வைத்தால் கிரிஸ்டல் தூரம் போகும். கிரிஸ்டலைக் கிட்டே கொண்டுவந்தால் கனெக்டருக்குப் போகும் மூன்று கலர் லைன்களும் மெமரியின் அடியில் மாட்டும். மெமரி வேலை செய்யும்போது கிளம்பும் இரைச்சல் அந்தக் கலரில் கலந்தால் படத்தில் எறும்பு ஊரும்.

செம்புக் கோடுகள் நாலு அடுக்காகப் போகிற நாலு லேயர் போர்டு கேட்டேன். எம்.டி. தலையாட்டவில்லை.

"ரெண்டு லேயர்ல முடிச்சுக் குடு. நாலு லேயர்னா நம்ம விலைக்கு ஃபாரின் கார்டே வாங்கிடுவாங்க."

புரோகிராம் சிப்பைச் செருக சாக்கெட் வைத்தால் உயரம் இடிக்கிறது. சாக்கெட்டே வேண்டாம், நேராகப் போர்டில் சோல்டர் செய்துவிடலாம் என்றேன். அதற்கும் ஒரு சண்டை நடந்தது. இப்படி ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் யாருடனாவது மல்லுக்கு நின்றுதான் கார்டு ஒரு போஸ்ட்கார்டை விடக் கொஞ்சம் சின்னதாக வந்து சேர்ந்தது.

இதில் ஒரு முடிவு முக்கியமானது. கார்டின் ஒரு முனையில் எல் மாதிரி மடங்கிய ஓர் உலோகத் தகடு இருக்கும். பிராக்கெட் என்போம். அதை ஒரு ஸ்க்ரூ போட்டுப் பெட்டியோடு இறுக்குவார்கள். கார்டு ஆடாமல் நிற்பதற்காக மட்டும் அல்ல அது. மோட்டார் ஓடும்போது கிளம்பும் மின் இரைச்சல் மானிட்டர் கேபிளின் மேலுறையைப் பிடித்துக்கொண்டு கார்டு வரைக்கும் வரும். அதை உள்ளே விடாமல் பிராக்கெட் வழியாகப் பெட்டிக்கு இறக்கி, எர்த்துக்கு அனுப்பிவிட வேண்டும். பெரிய கார்டில் இதற்கு இரண்டு மூன்று வழிகள் வைக்கலாம். என் கார்டில் இடம் இல்லை. பிராக்கெட் ஒன்றுதான் வழி.

சாம்பிள் கார்டுகள் இரண்டை இதே ஷெட்டில், இதே லேத்தில் மாட்டி ஓட்டினோம். படம் கல்லு மாதிரி நின்றது. அப்போது பிராக்கெட் எங்களிடம் கிடையாது. செத்துப்போன பழைய கார்டுகளிலிருந்து கழற்றி, துளை போட்டு மாட்டியிருந்தோம். ஆர்டர் உறுதியானதும் பக்கத்து ஜூஜுவாடியில் பிரஸ் ஷாப் வைத்திருந்த கிருஷ்ணப்பாவிடம் பிராக்கெட்டுக்கு டிராயிங் கொடுத்தோம். டூ வீலர் கம்பெனிகளுக்கு கிளாம்ப், ஸ்டாண்ட், பட்டி எல்லாம் அடித்துக் கொடுப்பவர். எங்கள் ஃப்ளாஷருக்கும் அவர்தான் தகடு. டிராயிங்கில் தடிமன், மடிப்பு, துளை எல்லாம் போட்டு, மேலே ஜிங்க் பிளேட்டிங், அதாவது துத்தநாக முலாம், என்று நானே எழுதியிருந்தேன். அவர் அனுப்பிய பிராக்கெட்டுகள் அளவில் மயிரிழை பிசகவில்லை. பளபளவென்று வேறு இருந்தன. எங்கள் ஸ்டோர்ஸில் எல்லோரும் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள்.

3. எதையெல்லாம் சந்தேகப்பட்டோம்

பிராக்கெட்டை யாரும் சந்தேகப்படவில்லை. சந்தேகம் முழுக்க என் கார்டின் மேல் இருந்தது.

சாம்பிளுக்கும் இப்போது கொண்டுவந்த பத்து கார்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். கெப்பாசிட்டர் வேறு மேக். பையில் பழைய மேக் கொஞ்சம் இருந்தது. ஷெட் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சோல்டரிங் அயர்னைச் சூடாக்கி, ஒரு கார்டில் எல்லாவற்றையும் மாற்றினேன். மாட்டினோம். ஸ்பிண்டில் சுற்றியது, படம் நடுங்கியது. கேபிளை மாற்றினோம். நடுங்கியது. மானிட்டரை மாற்றினோம். அதுவும் நடுங்கியது. சிப்புகள் உட்காரும் வெறும் போர்டை இந்தத் தடவை வேறு ஆள் செய்திருந்தார். லென்ஸை வைத்து ஒவ்வொரு செம்புக் கோடாகப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

அதைவிட மோசம் ஒன்று இருந்தது. பத்தும் கெட்டிருந்தால் பரவாயில்லை. மூன்று கார்டு நன்றாக ஓடியது. அந்த மூன்றில் ஒன்றைக் கழற்றிப் பக்கத்து லேத்தில் மாட்டினேன், நடுங்கியது. நடுங்கிக்கொண்டிருந்த ஒன்றை ஷெட்டில் யாரோ கழற்றி வேறு பெட்டியில் மாட்டினார்கள், நடுக்கம் நின்றுவிட்டது. கார்டும் காரணம் இல்லை, பெட்டியும் காரணம் இல்லை என்றால் வேறு எதுதான் காரணம்? தலை சுற்றியது. தொடர்ந்து கெட்டுப்போகிற பொருளைப் பழுது பார்க்கலாம். இஷ்டத்துக்குக் கெட்டு இஷ்டத்துக்குச் சரியாகிற பொருள் ஆளைப் பைத்தியமாக்கிவிடும்.

பிரகாஷ் எங்கள் பக்கமே வராமல், தூரத்தில் நின்று எம்.டி.யிடம் பேசினார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசினார்.

"நான் முன்னாடியே சொன்னேன் சார். அத்தனை பெரிய கார்டை இத்தனூண்டு ஆக்கினா இப்படித்தான் ஆகும். ஃபாரின்காரன் தெரியாமலா நீளமா வெச்சிருக்கான்?"

எம்.டி. என்னிடம் வந்தார். "சரோஜா, எர்த்துக்கு ஒரே வழி போதாதோ? சின்னதாக்கணும்னு அவசரத்துல…"

என் மனசுக்குள் ஓடிய பயமும் அதேதான். அதை இன்னொருவர் வாயால் கேட்டபோது தாங்கவில்லை. பாத்ரூமுக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்த பிறகு எனக்கு வேலை ஓடும். திரும்பி வந்தேன்.

4. கைராசி

நான் திரும்பி வந்தபோது ஷெட்டில் சிரிப்பு கேட்டது. ஆறு லேத்தில் படம் ஆடாமல் நின்றுகொண்டிருந்தது.

"என்னாச்சு?"

"நம்ம முனிரத்தினம் கை வெச்சாரு மேடம், ஆயித்து!" என்றார் பிரகாஷ். முகமே மாறியிருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்பதைத்தான் அவர் கன்னடத்தில் அப்படிச் சொன்னார்.

முனிரத்தினம் அந்த ஷெட்டின் பழைய ஃபிட்டர். தளிப் பக்கம் ஒரு கிராமம். லேத்தை அனுப்புவதற்கு முன் பெட்டியை மூடும் வேலையை எப்போதும் அவர்தான் செய்வார். மூடும் முன் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவர் மூடிய பெட்டி கஸ்டமரிடமிருந்து கம்ப்ளெயின்டாகத் திரும்பியதில்லை என்று அந்தக் கம்பெனி முழுக்க நம்பிக்கை. கைராசிக்காரர். நடுங்கிய கார்டுகளை அவர் கழற்றி மாட்ட, ஒவ்வொன்றாக நின்றிருக்கிறது. காலையில் நன்றாக ஓடிய மூன்றும், வேறு பெட்டிக்கு மாற்றியதும் சரியான அந்த ஒன்றும் அவர் மாட்டியதுதானாம்.

பிரகாஷுக்கு முடிவு கிடைத்துவிட்டது. "எல்லாத்தையும் இவரே மாட்டட்டும் சார். ஆர்டர் கன்ஃபர்ம்."

எம்.டி. நிம்மதியாக மூச்சு விட்டதை நான் பார்த்தேன். "தேங்க்ஸ் சார், அப்படியே பண்ணிடலாம்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். டேபிள் பிழைத்தது, ஆறு பேர் வேலை பிழைத்தது. இருக்க முடியவில்லை.

"வேண்டாம் சார்."

"என்ன வேண்டாம்?" எம்.டி. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏன் நிக்குதுன்னு தெரியாம அனுப்பக் கூடாது சார்."

"நிக்குதா இல்லையா?"

"நிக்குது. இந்த லேத் லூதியானா போகும், ராஜ்கோட் போகும். அங்க எவனாவது கார்டைக் கழட்டித் துடைச்சு மாட்டுவான். மறுபடி ஆடும். அப்ப முனிரத்தினம் அண்ணனைப் பார்சல்ல அனுப்புவீங்களா? டூல் ஓடிக்கிட்டிருக்கும்போது திரை கருப்பாச்சுன்னா ஆபரேட்டர் கை என்ன ஆகும்?"

"வாயை மூடு" என்றார். அதுவரை அவர் என்னை அப்படிச் சொன்னதில்லை.

பிரகாஷ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆபரேட்டர் கை என்றதும் அவர் முகம் மறுபடி மாறியது. "பார்க்கட்டும் விடுங்க சார்" என்றார். "சாயங்காலத்துக்கு இன்னும் டைம் இருக்கு."

முனிரத்தினத்தைக் கூப்பிட்டேன். அவருக்குச் சங்கடம். தன்னால் ஒரு பொம்பளைப் பிள்ளை திட்டு வாங்குகிறது என்று நினைத்துவிட்டார்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க மேடம். எப்பவும் மாட்றமாதிரிதான் மாட்னேன்."

"தெரியும்ணா. இப்ப நான் மாட்டறேன். அப்புறம் அதே கார்டை அதே பெட்டியில நீங்க மாட்டுங்க."

நான் மாட்டினேன். கூட்டம் கூடிவிட்டது. லேத்தை ஓட்டினார்கள். நடுங்கியது. யாரோ சிரித்தார்கள். அவர் கழற்றினார், பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார், மாட்டினார். ஓட்டினார்கள். படம் நின்றது. இப்போது ஷெட்டே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அண்ணா, இன்னொரு தடவை. மெதுவா. நான் கிட்ட நின்னு பாக்கணும்."

அவர் மெதுவாகச் செய்தார். கார்டை ஸ்லாட்டில் அழுத்தினார். ஸ்க்ரூவை வைத்தார். நீளமான டிரைவரால் இறுக்கினார். அதுவரை நான் செய்ததுதான். பிறகு அவர் ஸ்க்ரூவைத் திரும்பப் பாதி கழற்றினார். மறுபடியும், தோளைக் கொடுத்து, கிர்ரென்று சத்தம் வருமளவு இறுக்கினார்.

"எதுக்குண்ணா கழட்டித் திரும்ப இறுக்கறீங்க?"

"லேத்து ஆடிக்கினே இருக்கும்ல மேடம். ஒருவாட்டி இறுக்கனா லூசாயிடும். இறுக்கிக் கழட்டி மறுபடி இறுக்கனாதான் நல்லா குந்தும்."

5. நகத்தில் வந்தது

ஸ்க்ரூவைக் கழற்றச் சொல்லி, கார்டை வெளியே எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். பளபளப்பான பிராக்கெட்டில், ஸ்க்ரூவின் தலை அழுந்திய இடத்தில் மட்டும் மங்கலாக ஒரு வட்டம் தேய்ந்திருந்தது. ஜிங்க் இப்படித் தேயாது. வட்டத்துக்குப் பக்கத்தில் பளபளப்பான இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன். கண்ணுக்குத் தெரியாத தோல் ஒன்று சுருண்டு நகத்தில் வந்தது.

லேக்கர். கிளியர் லேக்கர். நிறமே இல்லாத, மின்சாரத்தை விடாத வார்னிஷ்.

மின் தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். ஒரு முனையைக் கனெக்டரின் உறையில் வைத்தேன். கனெக்டரைப் பிராக்கெட்டோடு சேர்த்து நட்டு இறுக்கும்போதே எங்கள் லைனில் லேக்கர் கிழிந்திருந்தது போலும், தொடர்பு இருந்தது. இன்னொரு முனையைத் தகட்டின் பளபளப்பான இடத்தில் தொட்டேன். சத்தம் இல்லை. தேய்ந்த வட்டத்தில் தொட்டேன். பீப் என்றது. என்னை அறியாமல் "அட படுபாவி!" என்று கத்திவிட்டேன். யாரைத் திட்டினேன் என்று எனக்கே தெரியாது.

என் கார்டுக்கு எர்த்துக்கு இருந்த ஒரே வழியை யாரோ அழகாக மூடி வைத்திருந்தார்கள். மோட்டார் இரைச்சல் போக்கிடம் இல்லாமல் படத்தில் ஏறியது. முனிரத்தினம் இரண்டு தடவை இறுக்கும்போது ஸ்க்ரூவின் தலை லேக்கரைக் கிழித்துவிட்டது, வழி திறந்தது. மற்றவர்கள் ஒரு தடவை இறுக்கினார்கள், திறக்கவில்லை. அவர் மாட்டியதைக் கழற்றிக் காலையில் நான் பக்கத்து லேத்தில் மாட்டியபோது, ஸ்க்ரூவின் தலை கொஞ்சம் தள்ளி, தேயாத இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கைராசி அவ்வளவுதான். ஆனால் அதை அந்த ஷெட்டில் சத்தமாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எமரி ஷீட் என்ற உப்புத்தாளை வாங்கி ஒரு பிராக்கெட்டை, பெட்டியில் படும் இடம் முழுக்கத் தேய்த்தேன். கார்டைப் பிரகாஷிடமே கொடுத்தேன்.

"சார், நீங்க மாட்டுங்க. டிரைவர் வேண்டாம், ஸ்க்ரூவை விரலால திருகினா போதும்."

அவர் விரலால் திருகினார். ஆபரேட்டர் ஸ்டார்ட் பட்டனில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். ஸ்பிண்டில் சுற்றியது. வேகத்தைக் கூட்டச் சொன்னேன். கூட்டினார். முழு வேகம். நான் திரையைப் பார்க்காமல் பிரகாஷின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் தளர்ந்த பிறகே திரும்பிப் பார்த்தேன். மேல் வரியில் ஓர் எழுத்துகூட அசையவில்லை.

எம்.டி. டையைத் தூக்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஒரு துண்டு எமரியை எடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்து அடுத்த பிராக்கெட்டைத் தேய்க்க ஆரம்பித்தார். வாயை மூடு என்றதற்கு அவர் கேட்ட மன்னிப்பு அதுதான். எனக்குப் போதுமாக இருந்தது.

6. என் கணக்குல அடிச்சேன்

பிராக்கெட்டுகள் தேய்த்து முடிப்பதற்குள் எம்.டி. கிருஷ்ணப்பாவுக்கு ஃபோன் போட்டுக் கத்தியிருந்தார். ஜூஜுவாடியிலிருந்து அவர் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். சட்டையில் கிரீஸ், கையில் ஹெல்மெட். என்ன தப்பு என்றே தெரியாத பயம் முகத்தில் இருந்தது.

"யாரு லேக்கர் அடிக்கச் சொன்னது?" எம்.டி. எடுத்த எடுப்பில் கேட்டார்.

"யாரும் சொல்லல சார். ஜிங்க் போடச் சொல்லி டிராயிங்ல இருந்துச்சி, போட்டேன். ஜிங்க் மழைல வெளுத்துப் போகும்ல? அதுக்கு மேல லேக்கர் என் கணக்குல அடிச்சேன். பில்லுல போடல, பாத்துக்குங்க. வண்டி பார்ட்டுக்கெல்லாம் நான் அப்படித்தான் குடுக்கறது."

"இது வண்டி பார்ட்டாய்யா?"

கிருஷ்ணப்பா என்னைப் பார்த்தார், எம்.டி.யைப் பார்த்தார்.

"பின்ன இன்னா பார்ட்டு சார்? இது எதுக்குன்னு உங்க ஸ்டோர்ஸ்ல கேட்டேன். உனக்கு எதுக்கு, டிராயிங்ல இருக்கறத அடிச்சிக் குடுன்னாங்க. நம்பர் பிளேட்டுக்குப் பட்டின்னு நான் நெனச்சிக்கினேன்."

ஸ்டோர்ஸ்காரர்கள் சொன்னது எங்கள் கம்பெனி வழக்கம். யாராவது டிசைனைத் திருடிவிடுவார்களோ என்று எம்.டி.க்குப் பயம். தகடு அடிக்கிறவருக்குத் தகட்டின் டிராயிங் மட்டும் போகும், போர்டு செய்கிறவருக்குப் போர்டின் ஃபிலிம் மட்டும் போகும். முழுக் கார்டை யாரும் பார்க்கக் கூடாது. இதை ஒரு கெட்டிக்காரத்தனமாகவே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

எம்.டி. திட்டுவதற்கு வாயைத் திறந்தார். அவர் ஆரம்பிப்பதற்குள் நான் கிருஷ்ணப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லேத்துக்குப் போனேன். அனுமதி கேட்கவில்லை. தேய்க்காத பிராக்கெட் போட்ட கார்டு ஒன்று மிச்சம் இருந்தது. அதை மாட்டி ஓட்டிக் காட்டினேன். படம் நடுங்கிக் கிழிந்தது. பிறகு தேய்த்ததை மாட்டி ஓட்டினேன். படம் நின்றது.

"இதுக்கும் அதுக்கும் உங்க லேக்கர் ஒண்ணுதான் வித்தியாசம்ணா."

அவர் ஏமாந்துபோன குழந்தை மாதிரி முகம் வைத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மனுஷன் எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து, தன் கைக்காசைப் போட்டு, ஒவ்வொரு தகட்டையும் லேக்கரில் முக்கி, தொங்கவிட்டுக் காய வைத்திருக்கிறார்.

"இத்தன சின்ன கார்டுக்கு என் தகடா இந்த வேல செய்யுது?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா. அது இல்லன்னா இது ஓடாது."

"இத ஒருவாட்டி காட்டியிருந்தீங்கன்னா லேக்கர் டப்பாவத் தொறந்திருக்கவே மாட்டேனேம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எங்களுக்குச் சுருக்கென்று தைத்தது. எம்.டி. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆர்டர் வந்தது. கார்டு செக்‌ஷன் மேலும் பல வருஷம் ஓடியது. கிருஷ்ணப்பாவை மாற்றவில்லை. அடுத்த லாட்டுக்கு டிராயிங்கோடு ஒரு கார்டையும் எடுத்துக்கொண்டு நானே ஜூஜுவாடி போனேன். போகச் சொன்னது எம்.டி.தான். போர்டு செய்கிறவரையும் லேத் ஷெட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டச் சொன்னார். எங்கள் டிசைனை யாரும் திருடவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கிரவுண்டிங் பற்றியும் லேஅவுட் பற்றியும் கேட்பார்கள். அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்வது ஒன்றுதான். ஒரு பாகத்தை யாரிடம் செய்யக் கொடுத்தாலும், அது எங்கே உட்காரும், அங்கே என்ன வேலை பார்க்கும் என்று ஒரு தடவை அவரிடம் காட்டிவிடுங்கள். காட்டாவிட்டால், அவர் தனக்குத் தெரிந்த நல்லதைச் செய்து கொடுத்துவிடுவார்.